மிசா 50: அடி விழுந்தது சிறைக்குள்ளே, அதை நாட்டுக்குச் சொன்னது எழுத்து

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதித் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர்கள் கூட்டத்தில், அணியின் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத உடன்பிறப்புகளுக்காக முழுமையாகப் பதிவிடுகிறோம். படித்துவிட்டுப் பகிருங்கள்.)



1976 ஜனவரி 31. தலைவர் கலைஞர் தலைமையிலான கழக ஆட்சி கலைக்கப்பட்ட நாள். சட்டமன்றத்தின் ஐந்தாண்டு முடிய இன்னும் இரண்டு மாசம்கூட இல்ல. அதுக்குள்ள கலைச்சாங்க. அன்னைக்கு ராத்திரியே வீடு வீடா போலீஸ் போச்சு. அதுக்கு இப்போ 50 வருஷம் ஆகுது.

இங்க உட்கார்ந்திருக்கிற நம்மள்ல முக்கால்வாசிப் பேர் 2000-க்கு முன்ன பின்ன பிறந்தவங்க. மிசா நமக்கு ஒரு மேடைச் சொல். "மிசாவைப் பார்த்தவர்கள் நாங்கள்"னு பெரியவங்க பேசும்போது கைதட்டிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுறோம். உள்ள என்ன நடந்துச்சு, அது வெளிய எப்படித் தெரிஞ்சுச்சு, இன்னைக்கு நமக்கு அதுல என்ன வேலை இருக்கு, இந்த மூணைத்தான் பேசப் போறேன்.

டாங்கி வரல, கையெழுத்து வந்துச்சு

ராணுவ ஆட்சின்னா ரோட்டுல டாங்கி ஓடும்னு சினிமாவுல பார்த்திருக்கோம். ஆவடிக்காரங்களுக்கு டாங்கி புதுசில்ல, நம்ம ஊர் தொழிற்சாலையிலதான் செய்றாங்க. 1975-லயும் அங்க டாங்கி செஞ்சுக்கிட்டுதான் இருந்தாங்க. ஆனா ஜனநாயகத்தை முடக்க ஒரு டாங்கியும் ஆவடியை விட்டுக் கிளம்ப வேண்டிய தேவை வரல. ஜூன் 25 ராத்திரி குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

விடியறதுக்குள்ள ஜெயப்பிரகாஷ் நாராயண், மொரார்ஜி தேசாய்னு தலைவர்கள் உள்ள போயிட்டாங்க. பத்திரிகைக்குத் தணிக்கை. பின்னாடி அமைக்கப்பட்ட ஷா ஆணையத்தின் கணக்குப்படி மிசா சட்டத்துல மட்டும் 34,988 பேர். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ 75,818 பேர். கூட்டிப் பாருங்க, ஒரு லட்சத்தைத் தாண்டுது.

மிசான்னா உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், 1971-ல கொண்டு வந்தது. இதுல குற்றப்பத்திரிகை கிடையாது, ஜாமீன் கிடையாது. எதுக்காகப் பிடிச்சோம்னு காரணம் சொல்லக்கூட வேண்டியதில்லைன்னு நெருக்கடி நேரத்துல திருத்தமே போட்டாங்க.

அந்தச் சூழல்ல எமர்ஜென்சியை எதிர்த்து ஜூன் 27-லயே கழகச் செயற்குழு தீர்மானம் போட்டுச்சு. ஆட்சியில இருந்துக்கிட்டே போட்டுச்சு. வடநாட்டுல தேடப்பட்ட தலைவர்கள் தமிழ்நாட்டுல மூச்சு விட முடிஞ்சுது. கடைசி வரைக்கும் பெருந்தலைவர் காமராஜர் மேல கழக அரசு கை வைக்கல. எட்டாவது மாசம் அதுக்கு விலை கொடுத்தோம்.

மத்தியச் சிறைக்குள்ள

அம்பத்தூர்ல ரயில் ஏறி மூர் மார்க்கெட்டுல இறங்கி, சுரங்கப்பாதை வழியா ஜி.எச். பக்கம் போறீங்கல்ல? அங்க சென்னை மருத்துவக் கல்லூரிக் கட்டிடம் நிக்குற இடத்துல 1837-ல கட்டின மத்தியச் சிறை இருந்துச்சு. 2006-ல கைதிகளைப் புழலுக்கு மாத்தினாங்க, 2009-ல இடிச்சாங்க. இப்போ அங்க ஒரு செங்கல்கூட மிச்சமில்ல. மிசாக் கைதிகளை அடைச்ச இடம் அதுதான்.

நம்ம தலைவர் மு.க.ஸ்டாலின் அவர்களுக்கு அப்போ 22 வயசு. 1975 ஆகஸ்ட் 20-ல கல்யாணம். அஞ்சு மாசம்தான் ஆகியிருந்துச்சு. போலீஸ் வந்தப்போ அவர் வெளியூர் நாடகத்துக்குப் போயிருந்தார். மறுநாள் திரும்பி வந்ததும் பிப்ரவரி 1-ல கைது. மார்ச் 1, அவரோட 23-வது பிறந்தநாள், சிறைக்குள்ளதான் போச்சு. இந்த அரங்கத்துல அந்த வயசுல இருக்கிறவங்க எத்தனை பேர்னு நீங்களே பார்த்துக்கங்க.

முரசொலி மாறன், ஆற்காடு வீராசாமி, சிட்டிபாபு, நீலநாராயணன், திராவிடர் கழகத்தின் ஆசிரியர் வீரமணி, இன்னும் எத்தனையோ பேர். தொழுநோயாளிக் கைதிகளை வெச்சிருந்த கொட்டடியில கொண்டுபோய்ப் போட்டாங்க. சாப்பாட்டுல வேப்பெண்ணெய் கலந்திருந்துச்சுன்னு உள்ள இருந்தவங்க சொல்லியிருக்காங்க. உள்ள போன சில நாளுக்குள்ளயே ஒரு ராத்திரி கொட்டடியைத் திறந்து ஒவ்வொருத்தரா வெளிய இழுத்து அடிச்சாங்க. வார்டர்கள் மட்டும் அடிக்கல. தண்டனைக் கைதிகள்லயே சில பேரைக் கண்காணிக்கிற வேலையில வெச்சிருப்பாங்க, அவங்களையும் ஏவிவிட்டாங்க. லத்தி, பூட்ஸ் கால், கையில கிடைச்சதெல்லாம்.

இதுல ஒரு பேரை மட்டும் நின்னு சொல்லணும். சிட்டிபாபு. சென்னை மேயரா இருந்தவர். செங்கல்பட்டுத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். டெல்லியில மக்களவை நாற்காலியில உட்கார வேண்டியவர், சென்னைச் சிறையில லத்தியடி வாங்கினார். இளைஞரா இருந்த ஸ்டாலின் மேல விழ வேண்டிய அடியைக் குறுக்க விழுந்து தாங்கினார். இதைத் தலைவர் அவர்களே எத்தனையோ மேடையில கண் கலங்கச் சொல்லியிருக்கார். சிட்டிபாபு மிசாக் கைதியாவே 1977 ஜனவரியில இறந்தார். மார்ச் 21-ல எமர்ஜென்சி முடிஞ்சுது. ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் மேல தாக்குப் பிடிச்சிருந்தா வெளிய வந்திருப்பார்.

சாத்தூர் பாலகிருஷ்ணனையும் மிசா சிறைதான் கொண்டுபோச்சு. ஆற்காட்டாருக்குக் காது பாதிச்சது வாழ்நாள் முழுக்க மிச்சம். அந்தக் கொட்டடியில இருந்து யாரும் முழுசா வெளிய வரல.

கோர்ட் என்ன செஞ்சுது?

"கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?"னு கமெண்ட்ல கேக்குறவங்க இருக்காங்க. போனாங்க. நாடு முழுக்க உயர்நீதிமன்றங்கள்ல ஆட்கொணர்வு மனு போட்டாங்க. ஒன்பது உயர்நீதிமன்றங்கள் கைதிகள் பக்கம் நின்னுச்சு. அரசு உச்ச நீதிமன்றம் போச்சு. அதுதான் ஜபல்பூர் வழக்கு.

அந்த விசாரணையில நீதிபதி எச்.ஆர்.கன்னா அரசு வழக்கறிஞர்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருத்தரைக் கொன்னுட்டா அதுக்குப் பரிகாரம் உண்டா? எமர்ஜென்சி இருக்கிற வரைக்கும் கிடையாதுன்னு அட்டர்னி ஜெனரல் நிரேன் டே சொன்னார். 1976 ஏப்ரல் 28-ல தீர்ப்பு. அஞ்சு நீதிபதியில நாலு பேர் அரசு பக்கம். கன்னா ஒருத்தர் மட்டும் எதிர்த்து எழுதினார். அடுத்த தலைமை நீதிபதி ஆக வேண்டிய அவரைத் தாண்டி இன்னொருத்தருக்குப் பதவி போச்சு, அவர் ராஜினாமா செஞ்சுட்டு வீட்டுக்குப் போனார்.

சிறைக்குள்ள லத்தி எடுத்தவனுக்கு தைரியம் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்போ புரியுதா? தன்னை யாரும் கேள்வி கேட்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். அது தெரிஞ்சா லத்தி தானா உயரும்.

1978-ல கொண்டு வந்த 44-வது திருத்தம், எந்த எமர்ஜென்சியிலயும் உயிர் வாழும் உரிமையை முடக்க முடியாதுன்னு ஆக்கிச்சு. ஜபல்பூர் தீர்ப்பு தப்புன்னு உச்ச நீதிமன்றமே 2017-ல சொல்லிடுச்சு. 41 வருஷம் கழிச்சு. சிட்டிபாபுவுக்கு அதனால என்ன லாபம்?

எழுதி வெச்சவங்க

கோர்ட்டும் கைவிட்டுச்சு, பத்திரிகைக்கும் தணிக்கை. இருந்தும் நமக்கு இதெல்லாம் எப்படித் தெரியுது? எழுதினாங்க, அதனால தெரியுது.

முதல் உதாரணம் தலைவர் கலைஞர். யார் யாரைக் கைது பண்ணாங்கன்னு முரசொலியில போட முடியாது, தணிக்கை அதிகாரி அடிச்சிடுவார். பிப்ரவரி 3 பேரறிஞர் அண்ணாவின் நினைவு நாள். அன்னைக்கு முரசொலியில ஒரு பட்டியல் வந்துச்சு. அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள்னு மாவட்ட வாரியா பேர். தணிக்கை அதிகாரிக்கு அது அஞ்சலிச் செய்தி. தொண்டனுக்கு அது கைதானவங்க பட்டியல். எந்த ஊர்ல யார் உள்ள இருக்கான்னு தமிழ்நாட்டுக்கே ஒரே நாள்ல தெரிஞ்சு போச்சு. உடன்பிறப்புகளே, நம்ம அணியோட முதல் பதிவு அதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

ரெண்டாவது, சிட்டிபாபு. அவர் சிறையில டைரி எழுதினார். அடி வாங்கின கையாலேயே எழுதினார். அவர் போயிட்டார், டைரி இருந்துச்சு.

மூணாவது, எமர்ஜென்சி முடிஞ்ச பிறகு, சென்னைச் சிறையில நடந்ததை விசாரிக்க அமைச்ச நீதிபதி மு.மு.இஸ்மாயில் ஆணையம். கம்பராமாயணத்துல ஆழங்கால்பட்ட அறிஞர்னு நம்ம தாத்தா தலைமுறைக்கு அவரைத் தெரியும். எந்தக் கட்சிக்காரரும் கிடையாது. கைதிகளை விசாரிச்சார், சிறை அதிகாரிகளை விசாரிச்சார். சிட்டிபாபுவின் டைரியும் அவர் முன்னாடி போச்சு. அரசியல் கைதிகள் சிறைக்குள்ள அடிக்கப்பட்டது உண்மைன்னு அறிக்கை எழுதினார்.

இதோட அருமை எப்போ தெரிஞ்சுதுன்னு ஆவடிக்காரங்களுக்கு நினைவிருக்கும். 2019-ல அப்போதைய ஆவடி எம்.எல்.ஏ., அ.தி.மு.க. அமைச்சர் மாஃபா பாண்டியராஜன், ஸ்டாலின் மிசாவுலதான் கைதானாரான்னு சந்தேகம் கிளப்பினார். சோஷியல் மீடியா முழுக்க அதே கேலி. நாம கோபப்பட்டோம், ஆர்ப்பாட்டம் பண்ணோம். ஆனா வாயை அடைச்சது எது? 40 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நீதிபதி எழுதி வெச்ச அறிக்கை. அது மட்டும் இல்லேன்னா இன்னைக்கு வரைக்கும் "அவங்க சொல்றாங்க, இவங்க மறுக்கிறாங்க"ன்னு விவாத மேடையில ஓடிக்கிட்டு இருக்கும்.

நாலாவது, ஒரு அப்பா. இது என்னை ரொம்ப உலுக்கினது. நானும் இன்ஜினியரிங் படிச்சவன், ஹாஸ்டல்ல இருந்தவன். கோழிக்கோடு மண்டல பொறியியல் கல்லூரி, இப்போ என்.ஐ.டி., அங்க ராஜன்னு ஒரு மாணவர். 1976 மார்ச் 1 விடிகாலை, கல்லூரியில வெச்சுப் போலீஸ் பிடிச்சுது. கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோனாங்க. பெஞ்சுல படுக்க வெச்சு, தொடை மேல உலக்கையை உருட்டுறது அங்க நடந்த சித்திரவதை. ராஜன் திரும்பி வரவே இல்ல, உடம்பும் கிடைக்கல. அவரோட அப்பா பேராசிரியர் ஈச்சர வாரியர் முதலமைச்சர்ல இருந்து எல்லாருக்கும் மனு எழுதிக்கிட்டே இருந்தார். யாரும் பதில் சொல்லல. எமர்ஜென்சி முடிஞ்ச உடனே கேரள உயர்நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போட்டார். 1977 ஏப்ரல்ல முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக வேண்டி வந்துச்சு. பதவிக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. கட்சி கிடையாது, பின்னால படை கிடையாது. ஒரு அப்பா, கையில மனு. அதுக்கு ஒரு முதலமைச்சர் நாற்காலி ஆடிப்போச்சு.

பர்மாவுல இன்னைக்கும்

பிப்ரவரி 1-ன்னதும் இன்னொண்ணு நினைவு வரணும். 2021-ல அதே தேதியிலதான் மியான்மர்ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது. பர்மா நமக்கு அந்நிய நாடு இல்ல. 1962-ல அங்க ராணுவம் வந்த பிறகுதான் லட்சக்கணக்கான தமிழர்கள் சொத்து சுகத்தை விட்டுட்டு கப்பல் ஏறினாங்க. பர்மா பஜாரும் நாம சாப்பிடுற அத்தோவும் அந்தக் கப்பல்ல வந்ததுதான்.

2022 ஜூலையில அந்த ராணுவ அரசு ஜனநாயகப் போராளிகள் நாலு பேருக்குத் தூக்கு நிறைவேத்துச்சு. அதுல பியோ ஜெயா தாவ் முன்னாள் எம்.பி., ராப் பாடகர். கோ ஜிம்மி 1988 மாணவர் போராட்டத்துல இருந்து சிறைக்குப் போய்ப் போய் வந்தவர். ராணுவத் தீர்ப்பாயம், மூடின கதவுக்குள்ள விசாரணை. தூக்குல போட்ட பிறகு உடலைக்கூட குடும்பத்துக்குக் கொடுக்கல. ராஜனோட உடம்பும் கிடைக்கலன்னு சொன்னேன்ல? ஊர் வேற, உடுப்பு வேற. உடம்பே கிடைக்காட்டி காயத்தை எதுல காட்டுறது?

நமக்கும் அதே அளவுகோல்

மிசா போச்சு. தடா வந்துச்சு, போச்சு. பொடா வந்துச்சு. பூந்தமல்லித் தோழர்களுக்குத் தெரியும், பொடா தனி நீதிமன்றம் அங்கதான் இருந்துச்சு. 2002 ஜூலையில வைகோ அவர்களைப் பொடாவுல பிடிச்சு வேலூர்ச் சிறையில வெச்சாங்க. என்ன காரணம்? மேடையில பேசினார். 19 மாசம் உள்ள இருந்தார். தலைவர் கலைஞர் வேலூர்ச் சிறைக்கே போய் அவரைப் பார்த்தார். 2004-ல பொடாவும் போச்சு. இப்போ யு.ஏ.பி.ஏ. இருக்கு.

ஸ்டான் சுவாமி. திருச்சி மாவட்டத்துல பிறந்த தமிழர். ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காக வாழ்ந்த பாதிரியார். 2020 அக்டோபர்ல 83 வயசுல கைது. பார்க்கின்சன் நோய், கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சு குழல் வேணும்னு கோர்ட்டுல மனு போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டுச்சு. ஒரு ஸ்ட்ராவுக்கு! 2021 ஜூலை 5-ல காவல்லயே இறந்தார். ஜூன் 25-ஐ அரசியல் சாசனப் படுகொலை தினம்னு 2024-ல அறிவிச்ச ஒன்றிய அரசு இதுக்கு என்ன பேர் வைக்கும்னு நாம கேக்கலாம், கேக்கணும்.

"அப்புறம் காங்கிரஸோட கூட்டணி வெச்சீங்களே?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. தயங்காம பதில் சொல்லுங்க. எமர்ஜென்சி தப்புன்னு 2021-ல ராகுல் காந்தி வெளிப்படையா சொன்னார். தப்புன்னு ஒத்துக்கிறவரோட சேர்ந்து நிக்கலாம். அதனால சிட்டிபாபு வாங்கின அடி இல்லேன்னு ஆகிடாது. ரெண்டையும் ஒரே வாயால சொல்ற துணிச்சல் நமக்கு இருக்கு.

அந்தத் துணிச்சல் நம்ம பக்கத்துக்கும் வேணும். 2020-ல சாத்தான்குளத்துல ஜெயராஜ், பென்னிக்ஸ் செத்தப்போ நாம எழுதாத எழுத்தில்ல. 2025 ஜூன்ல திருப்புவனத்துல அஜித்குமார் போலீஸ் அடியில செத்தார். அது நம்ம ஆட்சி. முதலமைச்சர் அந்தத் தாய்கிட்ட போன்ல மன்னிப்புக் கேட்டார், காவலர்கள் கைதானாங்க, வழக்கு சி.பி.ஐ.க்குப் போச்சு. அந்த நேரத்துல "அவன் மேல திருட்டுப் புகார் இருக்கே"ன்னு ஒரு கமெண்ட் நம்ம கொடி போட்ட ஐ.டி.யில இருந்து வந்தா, அது சிட்டிபாபுவை ரெண்டாவது தடவை அடிக்கிற மாதிரி. சிறையில அடி வாங்கி வளர்ந்த இயக்கத்துக்காரன், அடிச்சவன் பக்கம் நின்னு ஒரு வரிகூட எழுதக் கூடாது.

இந்த ஆண்டு நாம செய்ய வேண்டியது

1. உங்க வட்டத்துல மிசா பார்த்த பெரியவங்க இன்னும் சில பேர் இருப்பாங்க. எல்லாருக்கும் 70, 80-ஐத் தாண்டியிருக்கும். போன் ஒண்ணு போதும், போய்ப் பேச வெச்சு பதிவு பண்ணுங்க. எந்தத் தேதி, எந்தச் சிறை, பக்கத்துல யார், என்ன சாப்பாடு, வீட்டுல இருந்து யார் பார்க்க வந்தாங்கன்னு விவரமா கேளுங்க. வீட்டுப் பெண்கள்கிட்டயும் கேளுங்க. புருஷன் உள்ள இருந்த ஒரு வருஷம் அடுப்பு எப்படி எரிஞ்சதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். வெளியிட அனுமதி வாங்கிக்கங்க.

2. ஏ.ஐ.-யில சிறைக் காட்சி உருவாக்கிப் போடாதீங்க. நல்ல எண்ணத்துல ரத்தம் வழியுற மாதிரி ஒரு படம் போடுவீங்க. அது பொய்ப் படம்னு ஒருத்தன் கண்டுபிடிச்சா, "எல்லாமே இப்படித்தான்"னு உண்மையான அறிக்கையையும் சேர்த்துக் குப்பையில போடுவான்.

3. எண் போட்டா எந்த ஆணையம்னு சேர்த்துப் போடுங்க. ஷா ஆணையம் வேற, இஸ்மாயில் ஆணையம் வேற. குழப்பினா எதிராளிக்கு அல்வா.

4. உள்ள போனது நம்ம கட்சி மட்டும் இல்ல. திராவிடர் கழகம், மார்க்சிஸ்ட், சோசலிஸ்ட், ஸ்தாபன காங்கிரஸ், ஜனசங்கம்னு எல்லாரும் இருந்தாங்க. அவங்க பேரையும் சொல்லுங்க. அதனால நம்ம தியாகம் குறையாது.

5. இன்னைக்கு உள்ள இருக்கிறவங்களுக்கு, கட்சி இல்லாதவங்களுக்கும் சேர்த்து, ஒரு பதிவாவது எழுதுங்க. வெளிய ஒருத்தன் பேர் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்கான்னு தெரிஞ்சா, உள்ள லத்தி எடுக்கிறவன் ஒரு நிமிஷம் யோசிப்பான்.

அம்பத்தூர்ல இருந்து புழல் ரொம்பத் தூரமில்ல. அந்த மதில் பக்கமா பைக்ல போறப்போ வெறும் சுவரா பார்க்காதீங்க. உள்ள யார் இருந்தாலும், என்ன வழக்கா இருந்தாலும், அவர் உடம்பு மேல கை வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. இதை உரக்கச் சொல்ற தகுதி நம்ம இயக்கத்துக்கு இருக்கு, அதுக்கான விலையை 50 வருஷத்துக்கு முன்னாடியே கொடுத்துட்டோம்.

மிசா கொடுமையில் உயிர் நீத்த சிட்டிபாபு, சாத்தூர் பாலகிருஷ்ணன் ஆகியோருக்கு வீரவணக்கம்!

வாழ்க பெரியார்! வாழ்க அண்ணா! வாழ்க கலைஞர்!



#மிசா50 #மறக்கமாட்டோம் #எழுதிவைப்போம்